பத்து நாள் மோட்டார் நிற்கட்டும்

தாராபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒரு மாதமாக அங்கே தரை அவ்வப்போது நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஆடும், ஜன்னல் கடகடக்கும், சுவரில் புது விரிசல் விழும்.

"கல்குவாரியில வெடி வெச்சதாலதான்" என்றார்கள் பெரியவர்கள். ஏழாம் வகுப்பு லோகப்பிரியா அதை ஒப்புக்கொள்ளவில்லை. குவாரியை மூடி இரண்டு வாரமாகியும் நடுக்கம் நிற்கவில்லையே!

ஊர் ஓரத்துச் சாயப்பட்டறை, கழிவுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் நடுக்கமும் வந்தது. லோகப்பிரியா பள்ளி நூலகத்தில் பூகம்பப் புத்தகத்தைத் தேடியெடுத்து மூன்று முறை படித்தாள்.

கிராம சபை கூடியது. "பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போட்டு, பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிரலாமுங்களா?" என்று தலைவர் கோமளா கேட்டார்.

லோகப்பிரியா எழுந்தாள். "பூட்ட வேண்டியது பள்ளிக்கூடத்தை இல்லீங்க. பட்டறை மோட்டாரை."

பட்டறை மேலாளர் திருமூர்த்தி சிரித்தார். "தண்ணி ஆயிரம் அடிக்குக் கீழ போகுது. அது உன்ற பெஞ்சை ஆட்டுமா அம்மணி? உக்காரு."

"உக்கார மாட்டேனுங்க. கீழ பாறையில விரிசல் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு இறுக்கிட்டு நிக்குது. நடுவுல தண்ணியைத் திணிச்சா அந்தப் பிடி தளர்ந்து பாறை சறுக்குமுங்க. அதுதான் நமக்கு ஆடுது."

"நீ போய்ப் பார்த்தியா?"

"இல்லீங்க. நீங்களும் பார்க்கலீங்க. பத்து நாள் மோட்டாரை நிறுத்துங்க. ரெண்டு பேருமே பார்த்துக்கலாம்."

கூட்டம் சிரித்தது. கோமளா சிரிக்கவில்லை. "பத்து நாள் நிறுத்திப்போடுங்க மேனேஜர்" என்றார்.

நான்காம் நாள் தரை மறுபடி ஆடியது. திருமூர்த்தி நேராக வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டார். "பார்த்தியா? மோட்டாரைப் போடட்டுமா?"

வகுப்பே அவளைப் பார்த்தது. லோகப்பிரியா தலை குனியவில்லை.

"ஒரு மாசமாத் திணிச்ச தண்ணி நாலே நாள்ல அடங்கிருமுங்களா? பத்து நாள்னு சொன்னேனுங்க. இன்னும் ஆறு இருக்குது."

ஆறாம் நாள் லேசாக ஒரு நடுக்கம். பிறகு இல்லை. பத்தாம் நாளும் தரை அசையவில்லை. மோட்டாரை இயக்க வந்த திருமூர்த்தியை ஊரே பட்டறை வாசலில் மறித்து நின்றது. கோவையிலிருந்து அதிகாரிகள் கருவிகளோடு வந்தார்கள். ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு, கிணற்றுக்குச் சீல் வைத்தார்கள்.

கொத்தனார் பள்ளிச் சுவரைப் பூசி முடித்த அன்றே கணக்குப் பரீட்சை வந்தது.

"உன்னாலதான். பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தான் பக்கத்து பெஞ்சு சாஹில்.

லோகப்பிரியா சிரித்துக்கொண்டே முதல் கணக்கைப் போடத் தொடங்கினாள்.