தொட்ட இடம், பூசிய இடம்

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணலாம். பிள்ளையாருக்கு முன்னால் வேண்டாம், அவர் மன்னித்துவிடுவார். வைரவருக்கு முன்னாலேயே அணைக்கலாம்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு கார்த்திகை மாதம், வவுனியா குருமண்காட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த முத்துலிங்கம் காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். முதல் நாள் கடைசி வரிசையில் தள்ளிவிட்டுப் போன ஒரு முகம் முதல் வரிசையில் இருந்தது.

வேறொன்றும் மாறவில்லை. தகரக் கூரையில் மழை ஒரே சீராக அரைத்துக்கொண்டிருந்தது. இருட்டறையிலிருந்து மருந்துத் தண்ணீரின் புளித்த மணம் வழக்கம்போல் கசிந்து வந்தது. கடைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவுக்கு அப்பால், குசினியில் பத்மாசனி தேங்காய் துருவும் சத்தம் நின்று நின்று கேட்டது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க, அந்த முகம் மட்டும் இரவோடு இரவாக எழும்பி நடந்து வந்து முன்னால் குந்தியிருந்தது.

அது நிரஞ்சனின் முகம். பத்மாசனியின் முதல் புருசன்.

நிரஞ்சன் ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு மழை நாளில் சைக்கிளில் வெளிக்கிட்டவன். ஆளும் திரும்பவில்லை, சைக்கிளும் திரும்பவில்லை. நாலு வருசம் தேடிய பிறகு பத்மாசனி வவுனியாவுக்கு வந்து, ஊரில் தங்குவதற்கான பாசுக்குப் படம் எடுக்க முத்துலிங்கத்தின் ஸ்டூடியோப் படியேறினாள். முத்துலிங்கம் படம் சரிவரவில்லை என்று திரும்பத் திரும்ப அவளைக் கூப்பிட்டார். படம் முதல் தரமே சரி. மனிதருக்கு அப்போது நாற்பத்தாறு வயது, கலியாணம் என்பது மற்ற ஆட்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் சாமான் என்று நினைத்திருந்தவர்.

பெரியவர்கள் பேசி, பதிவுக் கலியாணம் என்று முடிவானபோது பத்மாசனி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவற்ற படம் சுவரில இருக்கும். அதுக்கு மாலை போடக் கூடாது."

ஆள் காணாமல்போன வீடுகளில் அதுதான் வழக்கம். படத்தை மாட்டுவார்கள். மாலை போடமாட்டார்கள், விளக்கு வைக்கமாட்டார்கள். போட்டால் ஆளைத் தாங்களே கொன்றதாகிவிடும். முத்துலிங்கம் ஓம் என்றார். படம்தானே என்று நினைத்தார். காலமெல்லாம் படத்தால் சோறு தின்ற மனிதர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

உயிரோடிருக்கிற ஆளென்றால் ஒழுங்கையில் மறித்து நாலு கேள்வி கேட்கலாம். படத்தை என்ன செய்வது? அது சிரித்துக்கொண்டே நிற்கும். முத்துலிங்கத்தின் தலையில் மயிர் கொட்டக் கொட்ட, நிரஞ்சனுக்கு ஒரு மயிர் கொட்டவில்லை. கறியில் உப்புக் குறைந்தால், அவனுக்கு உப்புக் குறைவாகத்தான் பிடிக்குமோ என்று முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்காது. பத்மாசனி தனியே சிரித்தால், சுவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று நித்திரை வராது. எல்லாவற்றையும்விட மோசம், படம் நல்ல படம். கிளிநொச்சியில் எவனோ எடுத்தது. நெற்றியில் விழுந்த வெளிச்சத்தில் முத்துலிங்கம் மாதக்கணக்காய்ப் பிழை தேடினார். அகப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் விற்கும் மயில்வாகனம் கொழும்பிலிருந்து ரயிலில், கம்ப்யூட்டரைப் பச்சைப் பிள்ளைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பத்மாசனி திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். புது வாகனத்துக்குச் செய்வதுபோல் மவுசின் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கப் போனவளை மயில்வாகனம்தான் கும்பிட்டுத் தடுத்தார்.

"அண்ணை, ரெண்டு சீடி கொண்டந்தனான்," என்றார். "ஒண்டு திருத்திறது. ஒரு இடத்தில தொட்டு மற்ற இடத்தில பூசுங்கோ. சுவரைத் தொட்டு ஆளில பூசினா ஆள் சுவராயிடும். மரு, தழும்பு, வேண்டாத மச்சான்மார், எல்லாம் போயிடும்."

"மற்றது?"

"அடுக்கிறது. ஆயிரம் படத்தைக் குடுங்கோ. முகத்தைப் பாத்து, ஆர் ஆரோட சேர வேணுமெண்டு தானே பிரிச்சு வைக்கும்."

"ஆர் ஆரோட சேர வேணுமெண்டு அதுக்கு என்னண்டு தெரியும்?"

"உங்களுக்கே இந்த வயசில தெரிஞ்சிருக்கு, அதுக்குத் தெரியாதோ?" மயில்வாகனம் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டையும் ஏத்தி விடுறன். அடுத்த கிழமை வருவன். எது வேணுமெண்டு சொல்லுங்கோ, மற்றதைக் கழட்டிப்போடுவன்."

முகம் பார்த்து அடுக்கும் சாமான் அந்த வருசத்தில் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று பிறகு படித்த ஆட்கள் சொன்னார்கள். சொல்லட்டும். குருமண்காட்டில் இருந்தது.

முத்துலிங்கம் கம்ப்யூட்டருக்குள் பாஸ், கலியாணம், அஞ்சலி என்று மூன்று பெட்டிகள் வைத்தார். பழைய படங்களை ஸ்கான் பண்ணிப் போட்டார். பத்மாசனி கோவிலுக்குப் போன நேரம், சோதித்துப் பார்ப்பதற்கென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நிரஞ்சனையும் சுவரிலிருந்து இறக்கி ஸ்கான் பண்ணிப் போட்டுவிட்டு, படத்தைத் திரும்ப மாட்டினார். அடுக்கும் சாமான் கொஞ்சம் யோசித்தது. பிறகு நிரஞ்சனைக் கலியாணப் பெட்டியில், பத்மாசனிக்குப் பக்கத்தில் வைத்தது. முத்துலிங்கத்தைப் பாஸ் பெட்டியில் வைத்தது.

அவர் நிரஞ்சனை இழுத்து அஞ்சலியின் கடைசி வரிசையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். காலையில் அவன் திரும்பக் கலியாணத்தில், முதல் வரிசையில்.

மாலை இல்லாத படத்தை அது அஞ்சலியில் ஏற்காது என்று முத்துலிங்கத்துக்கு விளங்கியது. அவர் திருத்தும் சாமானைத் திறந்தார். செத்துப்போன ஒரு தலைமையாசிரியரின் கழுத்திலிருந்து செவ்வந்தி மாலையைத் தொட்டார். நிரஞ்சனின் கழுத்தில் பூசினார். ஒவ்வொரு பூவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கொலரில் மாலையின் நிழல் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் விழும்படி பூசினார். அவ்வளவு அருமையான வேலையை அவர் அதற்கு முன் செய்ததில்லை. முடித்துவிட்டுக் கையெடுத்த கையோடு, திரையில் நிரஞ்சனின் படம் இருந்த சதுரம் தானே நழுவி அஞ்சலிக்குள் போய் இருந்தது.

அன்று பின்னேரம் முத்துலிங்கம் இரண்டு பேருக்குக் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"செவ்வந்தி வாங்கினனீங்களே?" என்று கேட்டாள் பத்மாசனி.

"இல்லையே."

"வீடெல்லாம் மணக்குது."

அவள் எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொத்துரொட்டி ஆறியது.

"என்ன?"

"ஒண்டுமில்லை. முகம் வாடிப்போய்க் கிடக்கு."

தன்னுடைய முகம் வாடியதை இவள் ஒரு நாளாவது கண்டாளா என்று முத்துலிங்கம் இரவு முழுக்கப் புரண்டார்.

மறுநாள் மழை இன்னும் இறுகியிருந்தது. பகலிலேயே விளக்குப் போடவேண்டிய மங்கல். வாய்க்கால் நிரம்பி வீதியால் ஓடும் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், ஈரச் சங்கிலியில் சைக்கிள் மிதிப்பதுபோல் ஒரு கிறீச்சு, கிட்ட வந்து, நின்று, திரும்பக் கிட்ட வந்தது. முத்துலிங்கம் எட்டிப் பார்த்தார். வீதி வெறுமையாகக் கிடந்தது. திரையில் சதுரங்கள் ஒவ்வொன்றாக வந்து குந்தின. அஞ்சலியில் தலைமையாசிரியர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுச் சதுரம்.

அவர் கலியாணப் பெட்டியைத் திறந்தார். பதிவுக் கலியாணத்தன்று அவரும் பத்மாசனியும் எடுத்த படம் அதில் இருந்தது. இரண்டு கதிரைகள், பின்னால் நீலத் திரைச்சீலை, ஓரத்தில் திறந்த கதவு. கதவில் ஒருவன் நின்றான். சின்ன உருவம். தலை நனைந்திருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

முத்துலிங்கம் சுவரைத் தொட்டு அவனில் பூசினார். அவன் சுவரானான். படத்தை மூடித் திறந்தார். அவன் கதவுக்கு உள்ளே நின்றான். திரைச்சீலையைத் தொட்டுப் பூசினார். மூடித் திறந்தார். கதிரைகளுக்குப் பின்னால் நின்றான். மாலை சொட்டிக்கொண்டிருந்தது. மேசை ஈரமாக இருந்ததை அப்போதுதான் முத்துலிங்கத்தின் முழங்கை உணர்ந்தது.

அடுத்த முறை அவன் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் நின்றான். பக்கத்தில் தொடுவதற்குச் சுவரும் இல்லை, சீலையும் இல்லை. ஒரு பக்கம் பத்மாசனி, மறு பக்கம் அவரே. பத்மாசனியின் தோளைத் தொட்டு அவன்மேல் பூசியிருக்கலாம். மனம் வரவில்லை. அவளில் ஒரு புள்ளிகூட அவனுக்குப் போகக் கூடாது.

தன் தோளைத் தொட்டார். பூசினார்.

தோள் குளிர்ந்தது. படத்தில், தொட்ட இடத்தில், பின்னாலிருந்த நீலச் சீலை தெரிந்தது.

"பத்மா! ஒரு தேத்தண்ணி!"

பத்மாசனி நடுக்கதவில் வந்து நின்றாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள்.

"ஆரோ கூப்பிட்ட மாதிரி..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தார். நினைக்க விரும்பினார். மூடித் திறந்தார். அவன் இன்னும் கிட்ட. நெஞ்சைத் தொட்டார். பூசினார். கிட்ட. கையைத் தொட்டார். கழுத்தை. காதை. நிறுத்தலாம் என்று ஒரு தரம் தோன்றியது. நிறுத்தினால் அவன் அவளுக்குப் பக்கத்தில் இருப்பான். பூசினார்.

மழைச் சத்தம் தூரத்துக்குப் போனது.

படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். பத்மாசனி. அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் நிரஞ்சன். முத்துலிங்கத்தின் சட்டை. முத்துலிங்கத்தின் மணிக்கூடு. பூசியதெல்லாம் அவனுக்கு அளவாகப் பொருந்தியிருந்தது. கையில் மாலை இல்லை.

மாலை எங்கே?

செவ்வந்தி மணந்தது. மிகக் கிட்ட. கழுத்தில் பாரம். ஈரம். எழும்பப் பார்த்தார். கால் இல்லை. கதிரை இல்லை. முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய கடை. பக்கத்தில் தலைமையாசிரியர், அசையாமல்.

நிழல் சரியான பக்கம் விழுந்திருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் கதிரை கிறீச்சிட்டது. யாரோ அதில் இருந்தார்கள். நடுக்கதவு திறந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் பத்மாசனி. முத்துலிங்கத்தை அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "தலையெல்லாம் ஈரம். துவாய் கொண்டரட்டோ?"

"ஓம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் முன்பக்கமிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மயில்வாகனம் குடையை உதறிக்கொண்டு வந்தார். கதிரையில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அண்ணை, ஆளே மாறிப்போனியள்! கலியாணம் நல்லா ஒத்துக்கொண்டிட்டுது. சரி, சொல்லுங்கோ. எதை வைப்பம்?"

"அடுக்கிறது இருக்கட்டும். திருத்திறதைக் கழட்டுங்கோ."

"அதுதான் நல்லது. அது கையில இருந்தா மனிசர் ஒண்டையும் வைச்ச இடத்தில விடமாட்டினம்."

மவுசின் அம்பு வந்தது. முத்துலிங்கத்தின் நெற்றியால் போனது. மூக்கால் போனது. கத்தினார். படத்தில் வாய் மூடியபடியே இருந்தது. ஒரு சொடுக்கு.

மயில்வாகனம் போன பிறகு பத்மாசனி துவாயோடு வந்து திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அவளுடைய கண்கள் முத்துலிங்கத்தின் கண்களுக்கு நேரே வந்து நின்றன.

"ஆர் இந்த மனிசன்?"

"ஆரோ. படத்தை எடுக்க வீட்டுச் சனம் ஒருத்தரும் வரேல்லை."

"பாவம். விளக்கு வைக்கவும் ஆளில்லைப்போல."

அவள் உள்ளே போனாள். சிறிய குத்துவிளக்கைக் கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். திரியைத் தூண்டினாள். சுடர் உயர்ந்தது, சூடு கண்ணாடியால் உள்ளே வந்தது, கண் எரிந்தது. இமைக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் கண்ணை மூடி, கை கூப்பி, அவருக்காக, உண்மையான துக்கத்தோடு, கும்பிட்டாள்.

இவ்வளவையும் முத்துலிங்கமே போன செவ்வாய்க்கிழமை, வவுனியா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில், உளுந்து வடை தின்றபடி சொன்னார்.