பூதம் ஏன் தனியாக இருக்கிறது?

வாலு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கதை எழுதியிருந்தாள். வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு என்றாலும், வருகைப் பதிவு எடுக்கும்போது தவிர அங்கேயும் யாரும் அதைச் சொல்வதில்லை.

அவள் எழுதியது நேராகப் போகிற கதை இல்லை. கிளை கிளையாகப் பிரிகிற கதை. திரையில் கொஞ்சம் கதை வரும், கீழே இரண்டு பட்டன்கள் இருக்கும். எதை அழுத்துகிறோமோ, கதை அந்தப் பக்கம் போகும். ஒரே கதைக்குப் பல முடிவுகள்!

காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடித் தீவுக்குப் போகவேண்டும். படகில் சுற்றிப் போனால் ஆட்டுக்குட்டி கிடைக்கும். மரத்தில் ஏறினால் புதையலே கிடைக்கும். குகைக்குள் போனாலோ, அவ்வளவுதான்!

படங்களை எல்லாம் வரைந்தது அவள் தோழி கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போட்ட நாளிலிருந்து அதுதான் அவள் பெயர்.

நாளைக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இதை விளையாடப் போகிறார்கள் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் சின்னப் பிள்ளை யாராவது விளையாடிப் பார்க்க வேண்டுமே? வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். வாலுவின் தங்கை பட்டாணி. ஒன்றாம் வகுப்புதான்.

பட்டாணி நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். 'குகைக்குள் போ' என்ற பட்டனை டக்கென்று அழுத்தினாள்.

'பூதம் உன்னை விழுங்கிவிட்டது. முற்றும்.'

"ஐயையோ!" என்றாள் பட்டாணி. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் குகை. மறுபடியும் முற்றும். அடுத்த தடவையும் விரல் நேராகக் குகைக்கே போனது.

வாலுவுக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு மண்டையில ஏறவே ஏறாதா? அங்க போனா பூதம் முழுங்கிடும்னு தெரியுதில்ல?"

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "எனக்கு விளையாடவே தெரியல. நாளைக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. நான் ஸ்கூலுக்கே வரல, போ!"

இறங்கி ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். வாலுவுக்குச் சுருக்கென்றது. விளையாட்டு செய்து கொடுத்து, ஒரு குழந்தையை அழவைத்திருக்கிறாளே!

"அந்தக் குகை பட்டனையே எடுத்துடலாம்டி," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடி.

எடுத்தார்கள். பட்டாணியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார்கள். இந்தத் தடவை ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டது.

"ஜெயிச்சுட்டே!" என்று வாலு கைதட்டினாள்.

பட்டாணி திரையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "பூதம் எங்கே?"

"பூதம் இல்ல. எடுத்தாச்சு."

"அப்ப எனக்கு வேணாம்." மறுபடியும் மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

வாலுவுக்குக் குடைச்சல் தொடங்கியது. புதையல் வேண்டாம், ஆட்டுக்குட்டி வேண்டாம், விழுங்குகிற பூதம் மட்டும் வேண்டுமா? அது எப்படி? அவளும் தவழ்ந்து மேஜைக்கு அடியில் போனாள். தலை இடித்தது.

"அக்கா திட்டினது தப்புதான். மன்னிச்சுக்கோடா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. குகைக்குள்ள போய் என்ன பண்ணணும் உனக்கு?"

"கேக்கணும்."

"யாரை? பூதத்தையா? என்ன கேக்கணும்?"

"ஏன் இங்க தனியா இருக்கேன்னு."

வாலு தலையைச் சொறிந்தாள். கதையை எழுதியவளே அவள்தான், ஆனால் பூதம் ஏன் தனியாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது! யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

"கண்ணாடி, நம்ம பூதம் ஏன்டி தனியா இருக்கு?" என்று அடியிலிருந்து கத்தினாள்.

"பூதம்னா அப்படித்தான் இருக்கும். அதுக்கெல்லாம் காரணமா கேப்பாங்க?"

"இவ கேக்கறாளே!" வாலு தங்கை பக்கம் திரும்பினாள். "சரி, உனக்கு என்ன தோணுது?"

பட்டாணி கையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அதுக்குப் பல்லு ஆடுது. வெக்கமா இருக்கு. அதான் யார் முன்னாடியும் வரமாட்டேங்குது."

அப்போதுதான் வாலு கவனித்தாள். காலையிலிருந்தே பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள். "உனக்கும் ஆடுதா?"

பட்டாணி தலையாட்டினாள்.

மேஜைக்கு வெளியே ஒரு மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. "அடிப்பாவி! அதனாலதான் முழுங்குது! பல்லு ஆடினா எப்படி மெல்ல முடியும்?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கும்போது பட்டாணி வாயை மூட மறந்துவிட்டாள்.

குகை திரும்பி வந்தது. உள்ளே ஒரு புதுப் பட்டன்: 'ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேள்.' சாயங்காலம் முழுக்க வாலு அந்தக் கிளையை எழுதினாள். கண்ணாடி, வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் பூதத்தை வரைந்தாள். பூதத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவேண்டும் என்று பட்டாணி சொன்னாள், அதையும் சேர்த்தார்கள்.

மறுநாள் கணினி அறையில் முதலில் பட்டாணிதான் உட்கார்ந்தாள். வகுப்பே அவள் முதுகுக்குப் பின்னால் முண்டியடித்தது. அவள் விரல் குகைக்குப் போனது.

"ஐயோ, போகாதே!" என்று கத்தினான் ஒரு பையன்.

"சும்மா இரு, எனக்குத் தெரியும்," என்றாள் பட்டாணி. கேட்கிற பட்டனை அழுத்தினாள்.

திரையில் பூதம் கையை எடுத்தது. 'என் பல் ஆடுகிறது. நீ சிரிப்பாயா?'

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும் ஆடுது!" என்றது ஒரு குரல். "எனக்கு விழுந்தே போச்சு!" என்றது இன்னொன்று. அத்தனை பேரும் வாயைப் பிளந்து திரையிலிருந்த பூதத்துக்குக் காட்டினார்கள். பட்டாணிதான் எல்லாரையும்விடப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

கஞ்சி குடித்து முடித்த பூதம் ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படகில் ஏறியது. முற்றும் என்று வந்ததும் கம்ப்யூட்டர் மிஸ் கூடக் கைதட்டினார்.

கூட்டத்திலிருந்து ஒரு குட்டிப்பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "பூதத்தோட அம்மா எங்கே?"

எல்லாரும் ஓரமாகக் கண்ணாடியோடு நின்றிருந்த வாலுவைப் பார்த்தார்கள். வாலு கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியலையே," என்றாள் சந்தோஷமாக. "உனக்கு என்ன தோணுது?"