தண்ணீர் பட்ட கரி

வாடிப்பட்டிப் பக்கத்தில் அந்தக் கோடையில் ஒரே ஒரு கிணறுதான் வற்றாமல் இருந்தது. அதன் தண்ணீரோ அழுகிய இலை போல நாறியது.

பத்து வயதுச் சீனியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவாள். அவளுடைய மதினி செல்லத்தாயால் முடியவில்லை. வயிற்றில் பிள்ளை. வாயில் வைத்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அண்ணன் பட்டாளத்துக்குப் போயிருந்தான்.

"எங்க ஊருக்கே போறேன் சீனி. அங்க ஆத்துத் தண்ணி," என்றாள் மதினி.

"உங்களால எந்திரிச்சு நிக்கவே முடியல. வண்டியில அம்புட்டுத் தூரம் எப்படிப் போவீக?"

சீனியம்மாள் யோசித்தாள். முன்பு ஒருமுறை பூனைக்குப் பயந்து கருவாட்டைக் கரிக்கூடைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பூனை கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றும் புரியாமல் போய்விட்டது. அப்படியென்றால் கரி நாற்றத்தைப் பிடித்து வைக்கிறது!

அவளைப் பெற்ற அய்யா நல்லகாமன் தேங்காய்ச் சிரட்டைகளைக் குழியில் மூடி எரித்துக் கரியாக்குபவர். உலகச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரியில் ஓடின. சீனியம்மாள் கொஞ்சம் கரியை இடித்து, அதில் தண்ணீரை வடித்தாள். நாற்றம் குறைந்ததே தவிர, போகவில்லை. மதினி ஒரு வாய் குடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் குழியின் மண்மூடி வெடித்து, கரி தணலாகச் சிவந்தது. அய்யா குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். குப்பென்று ஆவி கிளம்பியது.

"இது லாரிக்கு ஆகாது. கொட்டிரு தாயி."

சீனியம்மாள் ஆறிய கரியைக் கையில் எடுத்தாள். பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. நாக்கில் வைத்தாள், அப்படியே ஒட்டிக்கொண்டது.

'என் நாக்கையே உறிஞ்சுதே!'

அதை இடித்து, அலசும் தண்ணீரில் கறுப்பு போகும்வரை அலசினாள். ஓட்டைப் பானையில் துணி விரித்து, மணலும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். சொட்டுச் சொட்டாக வடிந்ததைக் கொதிக்க வைத்து ஆறவைத்தாள்.

அய்யா மோந்து பார்த்தார். "எந்தக் கிணத்துல எடுத்த?"

"நம்ம கிணத்துலதான்யா. நீங்க கொட்டச் சொன்ன கரியில வடிச்சேன்."

அய்யா குழியையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அடுத்த குழியில பாதிக் கரிக்குத் தண்ணி ஊத்திர வேண்டியதுதான்," என்றார்.

மதினி பயந்து பயந்து ஒரு வாய் குடித்தாள். சீனியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். மதினி இன்னொரு வாய் குடித்தாள். பிறகு சொம்பைக் கீழே வைக்கவே இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"சீனி, சோறு இருக்கா? பசிக்குது."