இருநூறு மீட்டர் பின்னால்

மூன்று நாளாக அந்தக் குரல் கப்பலுக்கு இருநூறு மீட்டர் பின்னாலேயே இருந்தது. கப்பல் ஓடினால் ஓடியது. கூனி இறால் மொய்க்கும் இடத்தில் வலை இறக்க நின்றால் அதுவும் நின்றது. தண்ணீருக்குள் இழுபட்டு வரும் ஒலிவாங்கி வழியாக, எஞ்சினின் முனகலுக்கும் பனிக்கட்டிகள் உரசும் சத்தத்துக்கும் அடியிலிருந்து, விட்டுவிட்டு, கப்பலில் திமிங்கல ஒலிகளைப் பதிவுசெய்யும் இங்குன்னின் காதுக்கு வந்தது. திமிங்கலக் குட்டியின் குரல்.

"தாய் ஒரு தடவைகூட பதில் குடுக்கல" என்றாள்.

அஸ்லாக் இருபது வருடமாகத் தென்கடலில் திமிங்கலம் எண்ணுகிறவன். ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்: "பெர்கன்ல கைக்குழந்தைய விட்டுட்டு வந்தவ நீ. கதவு கிறீச்சிட்டாலும் பிள்ளை அழற மாதிரிதான் கேக்கும்."

எட்டு மாதப் பெண்ணை மாமியாரிடம் விட்டு வந்து ஐந்து வாரம். வற்றிப்போயிருந்த மார்பு, அந்தக் குரல் வரும்போதெல்லாம் கனத்து, கம்பளிச் சட்டையை நனைத்தது. இதை யாரிடம் சொல்வாள்?

நான்காம் நாள் மதியம் மூடுபனி விலகியது. முதலில் வந்தது நாற்றம். பிறகு, ஈயம் போன்ற கடலில், கப்பலுக்குப் பின்னால், தாய்த் திமிங்கலம். தலையால் குட்டியை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. குட்டி ஊதிப்போய், தோல் உரிந்து கிடந்தது. கண்களைப் பறவைகள் கொத்தித் தின்றிருந்தன.

அஸ்லாக் தொப்பியைக் கழற்றினான். "செத்து ஒரு வாரமாவது இருக்கும். மூச்சு விட்டுடாதான்னு தூக்கித் தூக்கிப் பாக்கறா, பாவம்."

"அப்ப கூப்பிடறது யாரு?"

"அவதான். வேற யாரு?"

நம்பத்தான் அவளுக்கும் ஆசை. ஒரு மணி நேரம் கழித்து, தாய் தலையைத் தாழ்த்தியது. குட்டி நழுவியது. தாய் அதைச் சுற்றி ஒருமுறை வந்து, மேற்கே திரும்பி, வாலை உயர்த்தி முங்கியது. பிறகு எழவேயில்லை.

இங்குன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதொலிப்பானை மாட்டினாள்.

அமைதி.

பிறகு அதே குரல். திரையில் குரலின் தூரம் குறைந்துகொண்டே வந்தது. நூற்றைம்பது. எண்பது. முப்பது.

அஸ்லாக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. "வெளிய போகாத, இங்குன்."

அவள் போனாள். கைப்பிடிக் கம்பி சில்லிட்டது. குனிந்தாள்.

காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டது.

கீழே, எஞ்சின் அதிரும் இடத்தில், கண்ணில்லாத அந்தத் தலை கப்பலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. இரும்பை மெல்ல மெல்ல முட்டி, பால் தேடிக்கொண்டிருந்தது.