லத்தி போட்டுச்சா?

மழைக்கு ஒதுங்க லாயத்திற்குள் ஓடிவந்த கால்நடை மருத்துவர், வாசலில் நின்றிருந்த தையல்காரன்மீது மோதினாள். அவன் கையிலிருந்த தவிட்டு வாளி கவிழ்ந்தது.

“கண்ணு தெரியலையா?”

தெரிந்தது... மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள் இருந்த அந்தக் கண்கள், அவனைத் தாண்டிக் குதிரையைத்தான் பார்த்தன.

அது அவன் அக்காவின் செல்லக் குதிரை. அக்கா வெளியூர் சென்றதால் காவல் அவன் தலையில் விழுந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியும். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுவோ முன்காலால் தரையைக் கீறியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

“இன்னிக்கு லத்தி போட்டுச்சா?” என்றாள் அவள்.

அவனுக்குச் சுருக்கென்றது. “லத்தியா? நாங்க என்ன போலீசா? எங்கக்கா இதை ஒரு தட்டு தட்டினது கிடையாதுங்க!”

“ஐயோ... சாணிங்க!”

“அதைத் தமிழ்ல கேக்கக் கூடாதா?”

“தமிழ்தான். மாடு போட்டா சாணி, குதிரை போட்டா லத்தி. போட்டுச்சா, இல்லையா?”

“காலையிலேருந்து இல்ல. தீனியும் தொடல. கோபம்னு நெனச்சேன்...”

“கோபமில்ல, வயித்துவலி. நான் கால்நடை டாக்டர்தான். குடல் முறுக்கிக்கிட்டா உயிரே போயிடும்.”

“எங்கக்கா வழக்கமா காட்டுற டாக்டர் வந்து பாத்துப்பாரு. நீங்க கெளம்புங்க” என்றான் வீம்பாக.

அப்போது குதிரை கால் மடித்துச் சரிந்தது. வீம்பு பறந்தது.

“டாக்டரம்மா!”

இருவரும் அதை எழுப்பி நிறுத்தினார்கள். அவள் தோள்பையைத் திறந்தாள். விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். குடலோசை மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டாள்.

“தீனி வேண்டாம். உருள விடாம மெதுவா நடத்துங்க.”

கூரையின் கீழே குதிரைக்கு இருபுறமும் இருவரும் நடந்தார்கள்.

“வாலையே பாத்துக்கிட்டு நடந்தா சுவத்துல மோதுவீங்க.”

“உங்களைப் பாத்தா மட்டும் மோத மாட்டேனா?”

அவள் சட்டென்று கடிவாளத்தைப் பார்த்தாள்.

மழை விட்டது. வால் உயர்ந்தது. பொத்... பொத்... பொத்...

“போட்டுடுச்சுங்க!” அவன் அவள் கைகளைப் பற்றினான். உடனே பதறிப்போய்க் கைகளை விடுவித்தான். “டாக்டர்... இதைச் சொல்ல வேற நல்ல எடம் கெடச்சிருக்கலாம். எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் குனிந்து, புதிய லத்தியை வெகு கவனமாகப் பரிசோதித்தாள்.

“எனக்கும்தான்.”

“அதை நிமிந்து சொல்லக் கூடாதா?”

“முகம் செவந்திருக்கு... கொஞ்சம் பொறுங்க.”