எச்சரிக்கை இல்லாத நிரல்

“தண்ணியில வச்சு என்ன பிரயோஜனம்? சூடு தோல்லயா இருக்கு?” என்று கேட்டாள் பிலோமினா.

நிரலாளர் நயினார் வாளியிலிருந்து இடக்கையை எடுத்தார். மணிக்கட்டில் வலிவளை. தோலில் ஒரு தடமும் இல்லை. அது நரம்பை மட்டுமே சுடும்.

தூத்துக்குடிக் கடல்மதிலின் கதவுகளைக் கணினி நிரல் மட்டுமே திறந்து மூட முடியும். நிரலாளர் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி, பிழை கண்டால் நின்றுவிடும். எச்சரிக்கை என்றால் நிற்காது. ‘இங்கே ஆபத்து இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆறு வருடங்களுக்கு முன் அப்படியொரு எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் மூழ்கினார்கள். அதன்பிறகு பிலோமினா உருவாக்கியதுதான் வலிவளை. எச்சரிக்கை வந்தால், தொகுப்பு முடியும்வரை நிரலாளரின் கையைச் சுடும். வளையைக் கழற்றினால் தொகுப்பு நின்றுவிடும்.

“தென்வாய்க் கதவுல தண்ணி மட்டம் பாக்குற ஆழமானி சில நேரம் பதில் தர மாட்டேங்குது மேடம். அதான் எச்சரிக்கை. புது மானி கேட்டு எழுதி ஒரு மாசமாச்சு. அதுவரைக்கும் அந்த ஒரு எச்சரிக்கைக்கு மட்டும் வளையை அணைச்சு வைங்களேன். தொகுப்பு முடியப் பதினோரு நிமிசம்… தாங்க முடியல.”

“வலிச்சாத்தானே சரி பண்ணுவீங்க” என்ற பிலோமினா, சூட்டை இரண்டு படி ஏற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் எச்சரிக்கைகள் பூஜ்யம். அடுத்த மாதமும் அப்படியே. அவளுக்கு விருது கொடுத்தார்கள்.

ஐப்பசிப் புயல் ஒரு நண்பகலில் வந்தது. தென்வாயில் கடல் ஏறியும் கதவுகள் மூடவில்லை. பிலோமினா நிரலாளர் கூடத்துக்கு ஓடி வந்து நிரலைத் திறந்தாள். ஆழமானியைப் படிக்கும் வரிகளே அதில் இல்லை.

“எங்கே அது?”

“அழிச்சிட்டேன்.”

“அப்போ தண்ணி ஏறுறது நிரலுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது மேடம்.” நயினார் தரையைப் பார்த்தார். “வலிக்கவும் செய்யாது.”

“மதிலுக்குக் கீழ, கீழூர்லதானே உங்க வீடு இருக்கு?”

அவர் தலையசைத்தார்.

சூட்டைக் குறைக்க மூவர் குழு கையெழுத்திட வேண்டும். அந்த விதியும் அவள் போட்டதுதான். அதற்கு நேரமில்லை. நயினாரின் வளையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அழிந்த வரிகளை எழுதித் தொகுப்பியை முடுக்கினாள்.

இதற்கு முன் ஒருநாளும் அவள் அதை அணிந்ததில்லை. முதல் நிமிடத்தில் உதட்டைக் கடித்தாள். மூன்றாவதில் அலறினாள். வலக்கை தானாகவே, எழுதிய வரிகளை நீக்கும் அழிப்பு விசையை நோக்கி நகர்ந்தது. நயினார் அதைப் பாய்ந்து பிடித்தார்.

“பொறுங்க மேடம், இன்னும் எட்டு நிமிசம்தான். எம் பிள்ளைக கீழ இருக்கு. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

“விடுங்க… நயினார், உங்க காலைப் பிடிக்கிறேன், விடுங்க!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறுகப் பிடித்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் அவளிடமிருந்து வந்த சத்தம் அவருக்குப் பழக்கமானது. ஒரு மாதம் அவர் தொண்டையிலிருந்து வந்த அதே சத்தம். அவருடைய விரல்கள் தளர்ந்தன.

அவள் கை விசையில் விழுந்தது. வரிகள் மறைந்தன. வலி நின்றது.

தொகுப்பி புதிதாக ஓடி முடித்து, பச்சை எழுத்தில் காட்டியது: பிழைகள் இல்லை. எச்சரிக்கைகள் இல்லை.