ஆடு கத்தினால் மட்டும் சொல்

எங்கள் வீட்டு சோபாவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மேலே கிடக்கும் பூப்போட்ட துணியை இழுத்தால் உள்ளே இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாட்டு மேசையும் பெட்டிதான். என் கட்டில் இரண்டு பெட்டி. பட்டாளத்துக் குடும்பம் என்றால் அப்படித்தான். உத்தரவு வந்ததும் துணியை உதறி மடித்து, பெட்டிகளில் சாமானைப் போட்டுப் பூட்டினால் வீடே லாரியில் ஏறிவிடும்.

இந்த முறை உத்தரவு திடீரென்று வந்தது. சனிக்கிழமையே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அம்மா அசரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டுகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் கவலை. காரணம், ஞாயிற்றுக்கிழமை.

அப்பா மலைமேல் காவலில் இருக்கிறார். அங்கே ஒரே ஒரு போன். ஞாயிறு மதியம் எல்லோரும் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு முறை வீட்டுக்குப் பேசலாம். இங்கிருந்து அங்கே பேச முடியாது. போன ஞாயிறு அப்பா சொன்னது என் காதிலேயே நின்றது.

"பொட்டலம், அடுத்த ஞாயிறும் பேசறேன். அதுக்கப்புறம் இன்னும் மேல போறோம். அங்க போன் கிடையாது. பனி உருகினாதான் கீழ இறங்குவோம்."

பொட்டலம் என்பது நான்தான். கைக்குழந்தையாக இருந்தபோது என்னைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றினார்களாம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஞாயிறு மதியம் அப்பா இந்த வீட்டுக்குத்தான் பேசுவார். நாங்கள் இருக்க மாட்டோம். போன் வீட்டோடு இருக்கும், அடுத்து வருகிறவர்கள் எடுப்பார்கள். "அவங்க காலி பண்ணிட்டாங்க" என்று அவர்கள் வைத்துவிட்டால்? நாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் அப்பா பனிக்குள் உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அலுவலகத்தில் சொல்லியிருப்பதாகவும், அவர்கள் அப்பாவுக்குத் தெரிவித்துவிடுவார்கள் என்றும் அம்மா சொன்னார். அந்த அலுவலகத்தின் வேகம் எனக்குத் தெரியாதா? போன தடவை நாங்கள் வீடு மாறிய தகவல் அப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குள், நாங்கள் அந்த வீட்டையும் காலி செய்திருந்தோம். அம்மாவுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தட்டுகளைப் பெட்டிக்குள் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

போகிற குடியிருப்பின் வாசல் காவலறையில் ஒரு போன் இருந்தது. அதன் நம்பரை அம்மா விசாரித்து வைத்திருந்தார். அதை அப்பாவிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் எனக்கு ஒரு வழி தோன்றியது. போனுக்கு மேலே சுவரில் அந்த நம்பரைக் கொட்டை கொட்டையாக எழுதி வைத்தேன். யார் போனை எடுத்தாலும் கண்ணில் படும் அல்லவா? ஆனால் சனிக்கிழமை காலை வீட்டைச் சரிபார்க்கிற அதிகாரி வந்தார். வீட்டை ஒப்படைக்கும்போது ஒருவர் இப்படி வருவார். குழாய் சொட்டுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, சுவரில் கிறுக்கல் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார். என் நம்பரைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். அம்மா ஈரத்துணியை எடுத்து ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டார். என்னை முறைக்கவும் அவருக்கு நேரமில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. அது எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அதில்தான் வில்லங்கம்.

இந்த வீட்டுக்கு அடுத்து வரும் குடும்பம் அன்று விடிந்ததுமே வந்து இறங்கிவிட்டது. விருந்தினர் விடுதியில் இடமில்லையாம். கைக்குழந்தையோடு ஒரு அம்மா, என் வயதில் ஒரு பையன். அவன் அப்பா வேலையில் சேரப் போய்விட்டார். ஒரு அறையிலாவது சாமானை வைத்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் அம்மா சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

"நாங்க போன பிறகு வெச்சுக்கலாமே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாங்க ஒண்ணும் உங்களைத் துரத்தலீங்க."

"பார்த்தா அப்படித் தெரியலீங்களே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களிடம் போய் ஒரு உதவியும் கேட்கக் கூடாது என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பையனாவது சிரித்த முகமாக இருந்தானா? அதுவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றான். நான் மனதுக்குள் அவனுக்கு 'விறைப்பு' என்று பெயர் வைத்தேன்.

லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா சமையலறையில் அந்த அதிகாரிக்குக் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் குழந்தை விடாமல் அழுதது. வெயில் அதன் முகத்தில் அடித்தது. அந்த அம்மா துணியால் மறைத்து மறைத்துப் பார்த்தார், முடியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. உதவி கேட்கக் கூடாது என்றுதானே அம்மா சொன்னார்? உதவி செய்யக் கூடாது என்று சொல்லவில்லையே.

தண்ணீர்க் கூஜா மட்டும் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அதிகாரி பின்னறையைப் பார்த்து முடித்துவிட்டார், அங்கே மின்விசிறி ஓடுகிறது, குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்று சொன்னேன். அந்த அம்மா தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தை இன்னொரு முறை வீறிட்டதும் எழுந்து வந்துவிட்டார். மின்விசிறிக் காற்று பட்டதும் குழந்தையின் அழுகை மெல்ல அடங்கியது.

விறைப்பும் பின்னாலேயே வந்தான். வந்தவனை விடுவேனா? எந்த விளக்கின் சுவிட்ச் தலைகீழ், எந்தக் குழாய் உறுமும் என்றெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இது மணி அடிக்காது. கர்ருன்னு மட்டும் சத்தம் வரும். காதைத் தீட்டி வெச்சுக்கணும்" என்றேன். "நாளைக்கு மதியம் எங்கப்பா பேசுவார். நான் ஒரு நம்பர் தர்றேன். அவர்கிட்ட சொல்லிடுறியா?"

"முடியாது" என்றான் விறைப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வீட்டுல இருந்தவங்க எங்க போனாங்கன்னு யார் போன்ல கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்கார். பேசுறது உங்கப்பாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? எங்கள் அப்பாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பட்டாளத்து வீட்டுப் பிள்ளை முன்பின் தெரியாதவரிடம் போனில் வாயைத் திறக்கக் கூடாது. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெயரைக் கேட்டுக்கொள் என்றேன். பெயர் யாருக்கு வேண்டுமானாலும் தெரியும் என்றான். என் வயதைக் கேள் என்றேன். அதற்கும் உதட்டைப் பிதுக்கினான். வெளியே லாரி ஹாரன் அடித்தது. அம்மா என்னைத் தேடும் குரல் கேட்டது.

எங்கள் அப்பாவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யாதது என்ன? யோசித்தேன். சட்டென்று நினைவுக்கு வந்தது.

நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்பா மலையிலிருந்து விடுமுறையில் வந்தாராம். தாடியும் கம்பளிக் கோட்டுமாக நின்றவரைப் பார்த்து, யாரோ என்று நான் அலறினேனாம். அப்பா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆடு மாதிரி "மே" என்று கத்தினாராம். நான் சிரித்துவிட்டேனாம். அதிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டார். வெளியே நின்று கத்துவார். கத்தினால்தான் நான் திறப்பேன். அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வார்.

"வீட்டுக்கு வந்தா வாசல்ல நின்னு என்ன பண்ணுவீங்கன்னு அவரைக் கேளு" என்றேன். "ஆடு மாதிரி கத்தினா அது எங்கப்பா. கத்தலைன்னா சொல்லாதே."

விறைப்பின் புருவம் மேலே போனது. "எந்த மாதிரி ஆடு?"

நான் கத்திக் காட்டினேன். அவன் சிரிக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை கத்தச் சொன்னான். பிறகு நம்பரை வாங்கி முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டான்.

"சரியா கத்தினாதான் சொல்லுவேன்" என்றான்.

அப்போது அம்மா உள்ளே வந்தார். மின்விசிறிக்குக் கீழே தூங்கும் குழந்தையைப் பார்த்தார். பக்கத்தில் வெறுந்தரையில் கண்ணயர்ந்திருந்த அந்த அம்மாவையும் பார்த்தார். பிறகு குனிந்து, சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் அவர் கைக்கருகில் வைத்தார். அந்த அம்மா கண் விழித்துப் பதறி எழுந்தார்.

"பரவாயில்ல, படுங்க" என்றார் அம்மா. "பின்பக்க ஜன்னல் தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும். தூக்கிப் போடணும்."

லாரி கிளம்பியது. அம்மாவும் நானும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனை திரும்பும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அப்பா பேசப்போவது வரிசையில் நின்றுகொண்டு! முன்னாலும் பின்னாலும் அவருடைய ஆட்கள் நிற்பார்கள். அங்கே அப்பா ஒரு அதட்டல் போட்டால் மொத்த வரிசையும் நிமிர்ந்து நிற்குமாம். அவர் போய், எல்லோர் முன்னாலும், யாரோ ஒரு பையன் சொன்னான் என்பதற்காக ஆடு மாதிரி கத்துவாரா?

மாட்டார். கண்டிப்பாக மாட்டார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று தோன்றியது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா வெளியே பார்த்தபடி, "அத்தனை பேர் முன்னாடியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

ஞாயிறு வந்தது. புது வீட்டில் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. நாங்கள் இருவரும் வாசல் காவலறையில் போய் உட்கார்ந்துகொண்டோம். அங்கே மீசைக்காரக் காவலர் ஒருவர் இருந்தார். அப்பாவின் போனுக்காக வந்திருக்கிறோம் என்று அம்மா சொன்னதும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

மதியம் ஆனது. வழக்கமாக அப்பா பேசும் நேரம் வந்து, தாண்டியும் போனது. போன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. விறைப்புக்குக் கர்ரென்ற சத்தம் கேட்கவில்லையோ? நம்பர் மறந்துவிட்டதோ? அப்பா வெட்கப்பட்டுப் போனை வைத்துவிட்டாரோ? நான் நகத்தைக் கடித்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தன் நகத்தைக் கடித்தார்.

வெயில் சாயத் தொடங்கியது. காவலர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். வீட்டுக்குப் போங்கள், போன் வந்தால் ஆள் அனுப்புகிறேன் என்றார். அம்மா மெதுவாக எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

போன் அடித்தது.

காவலர் எடுத்துக் காதில் வைத்தார். அவர் முகம் கோணியது. ரிசீவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் காதில் வைத்தார்.

"ராங் நம்பர் போலிருக்கு" என்றார். "ஏதோ ஆடு கத்துது."

அவர் வைக்கப்போன ரிசீவரைத் தாவிப் பிடுங்கிக்கொண்டேன்.

"அப்பா!"

"பொட்டலம்!" அப்பாவின் குரல் கரகரத்திருந்தது. "நீ யாரைம்மா அங்க காவலுக்குப் போட்டுட்டு வந்தே? மூணு தடவை கத்த வெச்சுட்டான். முதல் தடவை சத்தம் பத்தலையாம். ரெண்டாவது தடவை கத்தினது ஆடு மாதிரி இல்லையாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எல்லார் முன்னாடியுமா கத்தினீங்க?"

"பின்ன? உங்களைவிட மானம் பெரிசா?" என்றார் அப்பா. "ஆளுக்கு ஒரு தடவைதானே, அதனால திரும்பவும் வரிசைக் கடைசிக்குப் போய் நின்னேன். பேசி முடிச்சவன் ஒருத்தனும் இடத்தைவிட்டு நகரலை. சார் அடுத்து எப்போ கத்துவார்னு காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அவருக்குப் பின்னால் மலையே குலுங்குகிற மாதிரி சிரிப்புச் சத்தம் கேட்டது. நடுவே யாரோ "மே" என்றார்கள். உடனே இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள்.

புது வீட்டைப் பற்றி, வந்த வழியைப் பற்றி எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பனி உருகியதும் நேராக இங்கேதான் வருவேன் என்றார் அப்பா. இப்போது அவருக்கு வழி தெரியும்.

பிறகு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் அப்பா "யாரு? யாரு பேசறது?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

அம்மா காவலரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு அவசர அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"மே."